தொண்ணூறு கிலோ சந்தேகம்

“கையெழுத்துப் போட மாட்டேன்.”

தனக்கோடி இதைச் சொல்வது ஐந்தாவது முறை என்று கிஷோர் சொன்னான். முதல் நான்கு முறையும் சில்வெஸ்டர் அங்கே இல்லை. சந்தாபுரா மெயின் ரோட்டில் ஆட்டோவை நிறுத்த ஓர் இடம் தேடி அலைந்துகொண்டிருந்தார். உள்ளே நுழைந்தபோது ஏ.சி. அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் கடை முதலாளி சாய்கிருஷ்ணா, பக்கத்தில் சேல்ஸ்மேன் கிஷோர், எதிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற தனக்கோடி, நாற்காலியில் கால்மேல் கால் போட்டபடி, கையெழுத்து வாங்கித் தர முதலாளியே வரவழைத்திருந்த துப்பறியும் கிருத்திகா. மேஜை நடுவில் ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் மூடி கழற்றிய பேனா.

சில்வெஸ்டர் எட்டிப் படித்தார். கடை முன்ஷட்டருக்கு உள்ளே ஸ்டூலில் போட்டிக்காக வைத்திருந்த காசுக் கேனை நான்தான் எடுத்தேன், அதிலிருந்த இரண்டு லட்சம் ரூபாயையும் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது.

“சம்பளம் எவ்ளோம்மா?” என்றார்.

“பதினாலாயிரம்ணா.”

“ஒண்ணேகால் வருஷத்துக்குக் காத்தைக் குடிச்சு வாழணும். ஏ.சி. காத்துன்னா பரவால்ல.”

“மேடம், உங்க அசிஸ்டென்ட்டைச் சும்மா இருக்கச் சொல்லுங்க” என்றார் சாய்கிருஷ்ணா. “இவ மேல பாவம் பார்த்துத்தான் போலீசுக்குப் போகல. அஞ்சு மணிக்கு வாசல்ல போட்டி ரிசல்ட். முந்நூறு பேர் வருவாங்க. அவங்ககிட்ட நான் ஒரு பதில் சொல்லணும். இந்த லெட்டர் இருந்தா காட்டிட்டு முடிச்சிடுவேன். இல்லன்னா ஸ்டேஷன். சும்னே டைம் வேஸ்ட் பண்ணாதீங்க.” அவசரத்தில் அவர் பேச்சில் கன்னடம் கலந்தது.

சந்தாபுராவில் அந்தப் போட்டியை அறியாதவர்கள் இல்லை. இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில் வாய்வரை பத்து ரூபாய் நாணயங்கள். ஐயாயிரத்துக்குமேல் சாமான் வாங்குகிறவர்கள் அதில் எவ்வளவு இருக்கும் என்று ஒரு சீட்டில் எழுதிப் போடலாம். யாருடைய கணக்கு நெருங்கி வருகிறதோ அவருக்குக் கேனோடு காசு அத்தனையும். நான்கு மாதத்தில் குளிர்பதனப் பெட்டிகளும் வாஷிங் மெஷின்களும் சூடான வடையாய்ப் போயின. சனிக்கிழமை காலை பார்த்தால் கேனைக் காணோம்.

“நீங்க எடுத்தீங்களா?” கிருத்திகா நேராகவே கேட்டாள்.

தனக்கோடி அவள் பக்கம் திரும்பினாள். “மேடம், எங்கப்பா கோலார் சுரங்கத்துல இருபத்தாறு வருஷம் தங்கக் கல்லு வெட்டினாரு. தினம் வேலை முடிஞ்சு மேல வந்தா கேட்ல சட்டையைக் கழட்டச் சொல்லிச் சோதனை போடுவாங்க. ஒரு நாள்கூட ஒரு பொட்டுத் தங்கம் அவர்கிட்ட கெடைக்கல. தங்கத்தையே தொட்டுட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வந்த மனுஷன் பொண்ணு நானு. இவரோட பத்து ரூபா காசை எடுப்பனா? அப்பா சட்டையைக் கழட்டினாரு. நான் கையெழுத்துகூட போட மாட்டேன்.”

சில்வெஸ்டரும் அதே சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்தவர்தான். அவருடைய அப்பாவும் அதே கேட்டில் சட்டையைக் கழற்றியவர். சட்டென்று ஒரு ஜோக் சொல்லிவிடலாம் என்று தேடினார். கிடைக்கவில்லை.

“வீடியோ இருக்கு மேடம்” என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார் சாய்கிருஷ்ணா.

பின்வாசல் கேமரா. சனிக்கிழமை காலை ஏழு பத்து. தனக்கோடி ஒரு தண்ணீர் கேனைத் துண்டால் சுற்றி வலது தோளில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். இடது கையால் கதவைச் சாத்தித் தாழ் போடுகிறாள். மூன்று படி இறங்குகிறாள். கடைசிப் படியில் செருப்புக்குள் கல் புகுந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு காலைத் தூக்கி இரண்டு உதறு உதறிவிட்டுப் படத்தை விட்டு மறைகிறாள்.

“அது குடிக்கிற தண்ணி கேன்” என்றாள் தனக்கோடி. “சார் ரூம் கேன் அடியில ஒழுகுது, பின்னாடி வெச்சிடு, வேன்காரன் மாத்திக்குவான்னு இவர்தான் போன் பண்ணிச் சொன்னாரு. ஒழுகுதேன்னுதான் துண்டைச் சுத்தினேன்.”

“நான் போன் பண்ணது கடையைப் பெருக்கியாச்சான்னு கேக்க” என்றார் சாய்கிருஷ்ணா.

“வேன்காரரைக் கேட்டீங்களா?” என்றாள் கிருத்திகா.

“அவனும் கூட்டுக் களவாணி மேடம்.”

“வாசல் கேமரா?”

“வியாழக்கிழமையிலிருந்து ரிப்பேர்.”

“முன் ஷட்டர் சாவி?”

“என்கிட்ட மட்டும்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி பூட்டினது, சனிக்கிழமை பத்து மணிக்கு நானே வந்து திறந்தேன். அதனால பின்வாசலைத் தவிர வேற வழியே இல்ல. கிஷோர் சாட்சி. காலையில ஏழு மணிக்குக் கேன் ஸ்டூல் மேல இருந்ததைப் பார்த்திருக்கான். இல்லடா?”

கிஷோர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். ஒல்லியான பையன், டை கட்டினால் டைதான் அவனைத் தூக்கிப் பிடித்திருப்பதுபோல் இருக்கும்.

“அந்தச் செருப்பு உதறுற இடத்தை இன்னொரு தடவை போடுங்க” என்றாள் கிருத்திகா. பார்த்தாள். மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு எழுந்தாள். “கேன்ல ரெண்டு லட்சம் இருந்தது எப்படித் தெரியும்? எண்ணினீங்களா?”

“கணக்குப் போட்டேன் மேடம். பக்காக் கணக்கு.”

“சரி. அஞ்சு மணிக்குள்ள வந்துடறோம். அதுவரைக்கும் தனக்கோடி அந்தப் பேனாவைத் தொட வேண்டாம்.”

“தொட்டாத்தானே” என்றாள் தனக்கோடி.

எதிர்ச் சாரியில் ஒரு டீக்கடை. கிருத்திகா டீக்குக் காத்திருக்கும்போது கடைக்காரரிடம் கேட்டாள்: “பத்து ரூபா காயின் எவ்வளவு இருக்கு உங்ககிட்ட?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்தார். “எத்தனை வேணும்க்கா? கஸ்டமர் கொடுத்தா நான் வாங்கித்தான் ஆகணும். நான் திருப்பிக் கொடுத்தா ஒருத்தனும் வாங்க மாட்டேங்கிறான். மொத்தமா எடுத்துக்கினு போனீங்கன்னா டீ ஃப்ரீ.”

“எடுத்துக்கிட்டுப் போகல. இங்கியே எண்ணிட்டுத் தரேன். அந்தக் கால் லிட்டர் பால் அளவையையும் கொடுங்க.”

சில்வெஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

“அடுக்காதீங்க. கொட்டுங்க.”

“அடுக்கினா நிறைய கொள்ளும் மேடம்.”

“கொள்ளும். ஆனா கேன் வாய் வழியாப் போடுற காசு லைன்ல போய் நிக்குமா? ஒண்ணு சாஞ்சு விழும், ஒண்ணு குறுக்க விழும். நடு நடுவுல வெறும் காத்துதான் இருக்கும். கொட்டிக் குலுக்குங்க, அது போதும்.”

கொட்டினார். குலுக்கினார். அளவை நிரம்பியது. திருப்பிக் கொட்டி எண்ணியதில் நூற்று நாற்பத்தைந்து. பக்கத்துக் காய்கறி வண்டித் தராசில் வைத்ததும் ஒரு கிலோ நூற்று இருபது கிராம் என்றது.

“இருபது லிட்டர்னா கால் லிட்டர் எண்பது” என்று கிருத்திகா செல்போனில் தட்டினாள். “நூத்தி நாப்பத்தஞ்சு இன்ட்டு எண்பது. பதினோராயிரத்து அறுநூறு காசு. ரூபாய்ல ஒரு லட்சத்துப் பதினாறாயிரம்.”

“ரெண்டு லட்சம்னாரே!”

“அவர் எப்படிக் கணக்குப் போட்டார்னு சொல்லவா? இருபது லிட்டர்ங்கிறது இருபதாயிரம் மில்லி. ஒரு பத்து ரூபா காசு ஏறக்குறைய ஒரு மில்லி இடம் பிடிக்கும். அதனால இருபதாயிரம் காசு, ரெண்டு லட்சம். காசையும் தண்ணி மாதிரியே ஊத்திட்டார். காத்துக்கு இடமே விடல. கேனை நிஜமா ரொப்பினவன் இந்தத் தப்பைப் பண்ணவே மாட்டான் சில்வெஸ்டர். பாதி ரொப்பும்போதே மூட்டையில மிச்சம் இருக்கிற காசு அவனுக்கு உண்மையைச் சொல்லிடும்.”

சில்வெஸ்டர் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார். “அப்போ ரொப்பவே இல்லையா?”

“இருங்க. இன்னும் வெயிட்டைப் பார்க்கல. ஒரு கிலோ நூத்தி இருபது, இன்ட்டு எண்பது. எண்பத்தி ஒம்பதரை கிலோ. கேனோட தொண்ணூறுன்னு வெச்சுக்குங்க.” நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். “உங்க வெயிட் என்ன?”

“அதெல்லாம் ஆம்பளைகிட்ட கேக்கிற கேள்வியா மேடம்?”

“சொல்லுங்க.”

“தொண்ணூறு. காலையில வெறும் வயித்துல.”

“நான் சொன்ன நம்பர்தான்.”

சில்வெஸ்டர் தன் தொப்பையைப் புதிய மரியாதையுடன் தடவிக்கொண்டார். பிறகுதான் அவருக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்தது. ஒரு காலில் நின்று செருப்பை உதறும் தனக்கோடி. அவள் தோளில் தன்னை உட்காரவைத்துப் பார்த்தார். டீ புரையேறியது.

“நாம எல்லாருமே பார்த்துட்டு ஏமாந்தோம்” என்றாள் கிருத்திகா. “இந்த ஊர்ல யார் வீட்டுல தண்ணி கேன் தூக்காம இருக்காங்க? கேன்னு சொன்ன உடனே நம்ம தோள் இருபது கிலோன்னு தானே முடிவு பண்ணிடுது. உள்ள இருக்கிறது தண்ணியா இரும்பான்னு தோள் யோசிக்கிறதில்ல.”

“போதும் மேடம், கேஸ் முடிஞ்சது. தனக்கோடி தூக்கினது தண்ணி கேன். அப்போ காசுக் கேன்?”

“முன்வாசல் பூட்டு, சாவி அவர்கிட்ட. பின்வாசல் வழியா வெளிய போனது ஒரே ஒரு கேன். அது தண்ணி.” கிருத்திகா கடையின் பெரிய பெயர்ப் பலகையைப் பார்த்தாள். “அவரே முன்வாசல் வழியா எடுத்துட்டுப் போயிருந்தா இந்த மெயின் ரோடே பார்த்திருக்கும். இன்னொண்ணு எங்கியும் போகல. உள்ளதான் இருக்கு.”

நாலரை மணிக்கே வாசல் நிரம்பிவிட்டது. ஷாமியானா, ஒரு பலகை மேடை, இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக். காட்சிக் கண்ணாடிக்குள் ஆளுயர டி.வி. ஒன்றில் யாரோ பனிமலையில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். சீட்டு எழுதிப் போட்டவர்கள் குழந்தைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்குமாக ஒரே இரைச்சல். சில்வெஸ்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனார். அந்த ஒரு வேலைக்கு அவர் உடம்பு மிகவும் உதவும்.

சாய்கிருஷ்ணா மைக்கைத் தட்டினார். கர்ச்சீப்பால் கண்ணோரம் ஒற்றிக்கொண்டார்.

“அன்பான வாடிக்கையாளர்களே! உங்களுக்குச் சேர வேண்டிய ரெண்டு லட்ச ரூபா கேனை எங்க கடை ஹவுஸ்கீப்பிங் லேடி தனக்கோடி திருடிட்டா. வீடியோ ஆதாரம் இருக்கு. அதனால ரொம்ப வருத்தத்தோட போட்டியை ரத்து பண்றோம்...”

கூட்டம் கொதித்தது. கடை வாசற்படியில் நின்றிருந்த தனக்கோடியை நோக்கி விரல்கள் நீண்டன. ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவள் தலை குனியவில்லை. திட்டியவரைத் தேடிப் பிடித்து, அவர் பார்வையைத் திருப்பும்வரை அவரையே பார்த்தாள்.

கிருத்திகா மேடையேறினாள். “ஒரே ஒரு சந்தேகம் சார். கேன் ஃபுல்லா இருந்ததா?”

முந்நூறு பேர் முன்னால் அதற்கு ஒரே பதில்தான் இருக்க முடியும். “வாய் வரைக்கும் ஃபுல் மேடம்!”

“சந்தோஷம். சில்வெஸ்டர், மேல வாங்க.”

அவர் ஏறியதும் மேடைப் பலகை முனகியது. கிருத்திகா கூட்டத்துக்குப் பால் அளவைக் கதையை நான்கு வரியில் சொன்னாள். காய்கறி வண்டிக்காரர் கூட்டத்துக்குள்ளிருந்து, “நம்ம தராசுதான், கரெக்ட்டா இருக்கும்” என்று கத்தினார்.

“ஆக ஒரு ஃபுல் கேன் தொண்ணூறு கிலோ. இவரும் தொண்ணூறு கிலோ. சார், நீங்க இவரை ஒரு தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு மூணு படி இறங்கிக் காட்டுங்க. கதவைச் சாத்த வேண்டாம், செருப்பை உதற வேண்டாம். சும்மா இறங்கினாப் போதும்.”

“எனக்குக் கூச்சம் ஜாஸ்தி சார்” என்றார் சில்வெஸ்டர் கைகளை விரித்தபடி. “இடுப்புல மட்டும் பிடிக்காதீங்க.”

கூட்டம் சிரித்தது. சாய்கிருஷ்ணா சிரிக்கவில்லை. “என்ன மேடம் காமெடி பண்றீங்க? அவ தினம் வேலை செய்றவ, உடம்புல பலம் இருக்கு...”

கிருத்திகா கண்ணாடிக்குப் பின்னால் நின்ற கிஷோரைப் பார்த்துத் தலையசைத்தாள். மேடையேறும் முன்பே அவனிடம் இரண்டு நிமிடம் பேசியிருந்தாள். என்ன பேசினாள் என்று சில்வெஸ்டருக்குத் தெரியாது. பனிமலை மறைந்தது. ஆளுயரத் திரையில் தனக்கோடி ஒரு காலில் நின்று செருப்பை உதறினாள். இரண்டு உதறு. மறுபடியும் இரண்டு உதறு.

“தொண்ணூறு கிலோவை வெச்சுக்கினு டான்ஸ் ஆடுதா அந்தம்மா?” என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு அலையாகப் பரவியது.

அந்தச் சிரிப்புதான் சாய்கிருஷ்ணாவைச் சுட்டிருக்க வேண்டும். முகம் சிவக்க மைக்கைப் பிடுங்கினார்.

“சுள்ளு! பொய்! அந்தக் கேன் அவ்ளோ வெயிட்லாம் இல்ல! நானே ஒத்தைக் கையால தூக்கி ஸ்டூல் மேல வெச்சிருக்கேன்!”

ஸ்பீக்கர் அதைத் தெருக்கோடிவரை கொண்டுபோனது. முன்வரிசையில் ஒரு குழந்தை அப்பளம் கடித்தது மேடைவரை கேட்டது.

கிருத்திகா குரலை உயர்த்தவில்லை. “அப்ப ஒரு முடிவு சொல்லுங்க சார். கேன் ஃபுல்லா இருந்துதுன்னா இவங்க தூக்கியிருக்க முடியாது. இவங்க தூக்கினாங்கன்னா கேன்ல காசு இல்ல. திருட்டா, பித்தலாட்டமா? ரெண்டுல எது உங்களுக்கு வசதி?”

சாய்கிருஷ்ணா மைக்கின் பொத்தானைத் தேடினார்.

கடைக்குள் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கிஷோர் வந்தான். குடோனின் தூசி அவன் டை முழுக்க அப்பியிருந்தது. இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தான், ஒரு கேனை. உள்ளே பத்து ரூபாய் நாணயங்கள் பளபளவென்று கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் சுவர் முழுக்கத் தெரிந்தன, வாய்வரை.

தொண்ணூறு கிலோவை அந்த ஒல்லிக் கிஷோர் தனியாளாகத் தூக்கி வந்து மேடையில் வைத்தான். பெரிதாக மூச்சுகூட வாங்கவில்லை.

“வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டிக்குள்ள இருந்துச்சு” என்றான். “வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் சாரும்தான் வெச்சோம். காலையில கேனைப் பார்த்தேன்னு எழுதிக் கொடுக்கச் சொன்னாரு. வேலை போயிடும்னு...” தனக்கோடியைப் பார்த்தான். “மன்னிச்சிடுக்கா.”

“கிஷோர்! உன்னை...” என்று பாய்ந்தார் சாய்கிருஷ்ணா. இடையில் சில்வெஸ்டர் நின்றார். வெறுமனே நின்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

கிருத்திகா கேனைச் சாய்த்தாள். அடிப்பாகம் அறுக்கப்பட்டு, ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. நாடாவைக் கிழித்ததும் காசு கொஞ்சம் சலசலவென்று கொட்டியது. பின்னாலேயே கேனின் நடுப்பகுதி முழுவதையும் அடைத்திருந்த தெர்மாகோல் உருளை ஒன்று வெள்ளையாக எட்டிப் பார்த்தது. நாணயங்கள் சுவரோரமாக மட்டும் ஓர் உறைபோல.

“முப்பதாயிரம் தேறினா ஜாஸ்தி” என்றாள் கிருத்திகா. “இன்னிக்கு எல்லார் முன்னாடியும் திறக்க வேண்டிய நாள். திறந்தா இது தெரிஞ்சிடும். அதனாலதான் கேன் காணாமப் போகணும், அதுக்கு ஒரு திருடி வேணும்.”

“போலீசுக்குக் கொடுக்க மேஜையில அந்த லெட்டர் ரெடியாத்தான் இருக்கு மேடம்” என்றார் சில்வெஸ்டர். “பேரை மட்டும் மாத்தினாப் போதும்.”

கூட்டம் மேடையை நோக்கி நெருங்கியது. நான்கு மாதமாக வீட்டில் கணக்குப் போட்டுக் காத்திருந்த கூட்டம். “நம்ம காசு! கொடி இல்லி! இங்க கொடுங்க!” என்று கைகள் கேனை நோக்கி நீண்டன. சாய்கிருஷ்ணா தனக்கோடியின் அருகே ஒதுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

“நாளைக்கு வேலைக்கு வந்துடு. சம்பளத்துல அஞ்சாயிரம் கூட்டித் தரேன். ஏதோ மிஸ்டேக் ஆயிடுச்சு. இவங்களைக் கொஞ்சம் அமைதியாப் போகச் சொல்லு. உன் பேச்சைக் கேப்பாங்க.”

தனக்கோடி அவரைத் தாண்டி மேடையேறினாள். கேனுக்கு முன்னால் போய் நின்று, நீண்ட கைகளை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஒருத்தரும் தொடக்கூடாது.”

மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. கைகள் நின்றன.

“உங்க காசு உங்களுக்கு வரும். போலீசு வந்து எண்ணிக் கொடுக்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி என்னோடது ஒண்ணு இந்த மேடையில பாக்கி இருக்கு.” சாய்கிருஷ்ணாவிடம் திரும்பினாள். “அஞ்சாயிரத்தை நீங்களே வெச்சுக்குங்க. வேலையையும் வெச்சுக்குங்க. என்னைத் திருடின்னு மைக்ல சொன்னீங்க. இல்லன்னும் மைக்லதான் சொல்லணும்.”

“சொல்றேன், சொல்றேன். கூட்டம் கொஞ்சம் கலையட்டும்...”

“கலைஞ்சப்புறம் யாருக்குச் சொல்லுவீங்க? நாற்காலிக்கா?”

சாய்கிருஷ்ணா கூட்டத்தைப் பார்த்தார். கிருத்திகாவைப் பார்த்தார். கடைசியில் சில்வெஸ்டரைப் பார்த்தார். சில்வெஸ்டர் வழிவிடுவதாக இல்லை. மைக்கை எடுத்து, உதட்டோடு ஒட்டி முணுமுணுத்தார்: “தனக்கோடி... அந்தக் கேனை... எடுக்கல...”

முதல் வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

தனக்கோடி மேடையோரம் குனிந்தாள். ஞாயிறுதோறும் அந்த ஸ்பீக்கர் பெட்டிகளைத் துடைத்து ஒயர் மாட்டுகிறவள் அவள்தான். எந்தக் குமிழ் எதற்கு என்று முதலாளிக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். சத்தத்தின் குமிழைப் பிடித்து, அது நிற்கும்வரை வலப்பக்கம் திருகினாள். ஸ்பீக்கர்கள் ஒருமுறை உறுமின.

நிமிர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“என் முழுப் பேரோட, திருடி இல்லன்னு சொல்லுங்க. இப்ப சொல்லுங்க.”